நியூரோடைவர்ஜென்ட் ஆளுங்களோட தினமும் பழகறது எப்படி? சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, டீச்சர், ஆபீஸ்காரங்களுக்கான முழு வழிகாட்டி

ஆட்டிசம், ஏடிஹெச்டி பத்தி தமிழ்ல தேடினா கிடைக்கறதுல முக்காவாசி பெத்தவங்களுக்காக எழுதினது, எந்த தெரபி, எந்த ஸ்கூல், என்ன சாப்பாடுன்னு. ஆனா அந்தக் குழந்தையோட நாள் தெரபி சென்டர்ல மட்டுமா நடக்குது, அபார்ட்மென்ட் லிஃப்ட்ல, ஷேர் ஆட்டோல, மாமா வீட்டு கிரகப்பிரவேசத்துல, சலூன் கடைல எல்லாம் நடக்குது, அங்க எல்லாம் கூட இருக்கறது நாமதான். அதனால இது சித்தப்பா, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரங்க, டியூஷன் டீச்சர், டீம் லீட் இவங்களுக்காக எழுதறது. எங்க அண்ணன் பையன் ஆட்டிஸ்டிக், இப்போ டீன் ஏஜ்ல இருக்கான், நான் அவனுக்கு அத்தை. அவன்கிட்டயும் எங்க அண்ணிகிட்டயும் ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்ககிட்டயும் கத்துகிட்டதையும் படிச்சு தெரிஞ்சுகிட்டதையும் சேர்த்து சொல்றேன்.

அடிப்படை விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். நியூரோடைவர்ஜென்ட்னா மூளை வேலை செய்யற விதமே பெரும்பாலானவங்கள விட வேற மாதிரி அமைஞ்சவங்க. ஆட்டிசம் (மத்தவங்களோட பழகற விதமும் புலன் உணர்வும் வேற மாதிரி இருக்கறது), ஏடிஹெச்டி (கவனத்த ஒரே இடத்துல நிறுத்தறது, சும்மா உக்கார்றது கஷ்டம்), டிஸ்லெக்ஸியா (படிக்க, எழுத சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்குல சிரமம்), டிஸ்ப்ராக்ஸியா (கை கால் அசைவ ஒருங்கிணைக்கறதுல சிரமம்), டூரெட் (தன்னை அறியாம வர்ற அசைவும் சத்தமும்) எல்லாம் இதுல வரும், ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கும். சிலருக்கு வாய்ப்பேச்சே வராது, சாப்பிட, குளிக்க, ரோடு கிராஸ் பண்ண ஆயுசுக்கும் துணை வேணும். சிலர் ஐடி கம்பெனில கோட் எழுதிட்டு இருப்பாங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச முடியாம லைட்ட அணைச்சுட்டு படுத்துருப்பாங்க. ரெண்டு பேருக்கும் கீழ சொல்ற விஷயங்கள் பொருந்தும், அளவுதான் மாறும்.

படி 1: காரணம் கண்டுபிடிக்கறத மொதல்ல நிறுத்துங்க

ஒரு குழந்தை கூப்பிட்டா திரும்பலைன்னு வெச்சுக்கோங்க, உடனே நம்ம ஊர்ல ஒரு விசாரணை கமிஷன் உக்காரும். அம்மா வேலைக்குப் போறா அதான், போன குடுத்து கெடுத்துட்டாங்க, மாசமா இருக்கும்போது எதையோ பாத்து பயந்துட்டா, தடுப்பூசி போட்டதுலேர்ந்து இப்படி, ஜாதகத்துல ஏதோ இருக்கு. இதுல ஒண்ணு கூட உண்மை கிடையாது, ஒவ்வொண்ணும் நேரா போய் விழறது அந்த அம்மா தலைலதான்.

அம்மா பாசம் காட்டாததுதான் ஆட்டிசத்துக்கு காரணம்ங்கற கதை அமெரிக்காவுல 1950, 60-கள்ல டாக்டர்களே சொன்னது, அதால எத்தனையோ தாய்மார்கள் குற்ற உணர்ச்சியிலேயே வாழ்ந்தாங்க, அப்புறம் ஆராய்ச்சில அது மொத்தமா பொய்த்துப் போச்சு. தடுப்பூசி கதை 1998-ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்டுங்கற பிரிட்டிஷ் டாக்டர் லான்செட் பத்திரிகைல போட்ட கட்டுரைலேர்ந்து கிளம்புனது, 2010-ல அந்தப் பத்திரிகையே கட்டுரைய வாபஸ் வாங்கிடுச்சு, அவரோட டாக்டர் பதிவையும் அதே வருஷம் ரத்து பண்ணிட்டாங்க. போன் பாக்கறத குறைக்கறது எந்த குழந்தைக்கும் நல்லதுதான், ஆனா ஆட்டிசம் போன்லேர்ந்து வரல. மரபணுவோட பங்கு இதுல ரொம்ப பெருசு, அதனாலதான் பையனுக்கு டயக்னோசிஸ் பண்ணப் போன இடத்துல அப்பாவுக்கு நாப்பது வயசுல "அட, எனக்கும் சின்ன வயசுலேர்ந்து இதேதானே"ன்னு புரியறது நடக்குது.

வார்த்தைகளையும் இதோட சேத்து பாத்துக்கோங்க. லூசு, மெண்டல், அரைவேக்காடு இதெல்லாம் விளையாட்டுக்குக் கூட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92-ன்படி ஒரு மாற்றுத்திறனாளிய பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா 6 மாசத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. தெய்வக் குழந்தைன்னு சொல்றதும் எனக்குப் பிடிக்காது, அன்பா சொல்றாங்கன்னு தெரியும், இருந்தாலும் அப்படிச் சொல்லி கையெடுத்துக் கும்பிட்டுட்டு அந்தக் குழந்தைய யாரும் பர்த்டே பார்ட்டிக்கு கூப்பிடறதில்ல.

படி 2: காது, கண்ணு, தோலு, நாக்கு எப்படி வேலை செய்யுதுன்னு கவனிங்க

இது ஒண்ணு புரிஞ்சாலே பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி. நமக்கு மூளை தானாவே வடிகட்டி விடற சத்தமும் வெளிச்சமும் அவங்களுக்கு வடிகட்டப்படாம உள்ள வரும். ட்யூப்லைட்டோட சின்ன ரீங்காரம், ஃபேன் கடகட, பக்கத்து ரூம் டிவி, நீங்க பேசறது எல்லாமே ஒரே வால்யூம்ல. டாக்டர்கள் டயக்னோசிஸ் பண்ண உபயோகிக்கற டிஎஸ்எம்ங்கற அமெரிக்க மனநலக் கையேட்டோட அஞ்சாவது பதிப்பு 2013-ல வந்தப்பதான் இந்த புலன் சம்பந்தமான விஷயம் ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா அதிகாரபூர்வமா சேர்ந்துச்சு, அதுக்கு முன்னாடி வளர்ந்தவங்க எல்லாம் அடம், திமிர்னு பேர் வாங்கிட்டே வளர்ந்தவங்க.

நம்ம வீடுகள்ல இது எங்கெல்லாம் வரும்னு பாருங்க: மிக்ஸி, குக்கர் விசில், யூனிஃபார்ம் காலர்ல இருக்கற லேபிள், புது பட்டுப்பாவாடையோட ஜரிகை குத்தறது, தலைல எண்ணெய் வெச்சு தேய்க்கறது, நகம் வெட்டறது, சலூன்ல அந்த ட்ரிம்மர் காதுகிட்ட வர்றது. மொட்டை போட்டு காது குத்தற அன்னிக்கு எந்த குழந்தையும் அழும்தான், ஆனா இந்தக் குழந்தைங்களுக்கு அது நாள் கணக்குல தூக்கத்தையே கெடுக்கும். சாப்பாட்டுலயும் அதேதான், தயிர்சாதம் மட்டும் சாப்பிடற பையன் நாக்கு ருசிக்கு அடம் பிடிக்கல, சாம்பார்ல ஒரு வாய் காய் ஒரு வாய் பருப்புன்னு ஒவ்வொரு தடவையும் வேற வேறயா வாய்ல படறது அவனால தாங்க முடியல, தயிர்சாதம் என்னிக்கும் ஒரே மாதிரி இருக்கு. "எங்க வீட்டுக்கு வா, நான் ரெண்டு நாள்ல எல்லாத்தையும் சாப்பிட வெக்கறேன்"னு சவால் விடற அத்தைங்களுக்கு கை கூப்பி சொல்றேன், வேண்டாம், பட்டினி போட்டா சாப்பிடும்ங்கற ஃபார்முலா இங்க ஆபத்து, சிலர் நிஜமாவே பட்டினி கிடந்துடுவாங்க.

உல்டாவும் உண்டு, சிலருக்கு உணர்வு குறைச்சலா வரும். கால்ல முள்ளு குத்தி ரத்தம் வந்தாலும் தெரியாது, பசிக்குதா ஒண்ணுக்கு வருதான்னு உடம்பு சொல்றது புரியாது, அதனாலதான் எதையாவது இறுக்கிக் கட்டிப் பிடிச்சுப்பாங்க, சுவத்துல போய் இடிப்பாங்க, சுத்திகிட்டே இருப்பாங்க.

நீங்க செய்ய வேண்டியது சின்ன விஷயம். மிக்ஸி போடறதுக்கு முன்னாடி "மிக்ஸி போடப் போறேன்"னு சொல்லிட்டு ரெண்டு செகண்ட் விட்டுட்டு போடுங்க. பின்னாடிலேர்ந்து வந்து தோள்ல தட்டாதீங்க, கன்னத்தக் கிள்ளாதீங்க. காதுல பெரிய ஹெட்போன் போட்டுட்டு இருந்தா மரியாதை இல்லைன்னு எடுத்துக்காதீங்க, அது அவங்களுக்கு கண்ணாடி மாதிரி ஒரு சாமான். தீபாவளிக்கு தமிழ்நாட்டுல காலைல 6-லேர்ந்து 7, ராத்திரி 7-லேர்ந்து 8-னு பட்டாசு நேரம் சொல்றாங்களே, அத கடைபிடிச்சாலே போதும், அந்த வீட்டுக்காரங்க அந்த ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஜன்னல சாத்தி, ஃபேன ஃபுல்லா வெச்சு, குழந்தைய தயார் பண்ணிப்பாங்க, நேரம் தெரியாம நடுராத்திரி வெடிக்கற ஆட்டம்பாம்ல தான் எல்லாம் சிதறிடும்.

படி 3: பேசற விதத்த மாத்துங்க

நம்ம பேச்சுல பாதி சும்மா பேச்சு. "நாளைக்கு உன்ன பீச்சுக்கு கூட்டிட்டுப் போறேன்டா தங்கம்"னு நாம பேச்சுக்குச் சொல்லிட்டு மறந்துடுவோம், அவன் மறுநாள் காலைல அஞ்சரை மணிக்கு செருப்பு மாட்டி வாசப்படில உக்காந்துருப்பான். அதனால செய்ய முடியறத மட்டும் சொல்லுங்க, நேரத்தோட சொல்லுங்க. "பாத்துக்கலாம்", "அப்புறமா", "சீக்கிரம்" இதெல்லாம் அவங்களுக்கு தகவலே கிடையாது, "சாப்பிட்டதும்", "4 மணிக்கு", "இந்தப் பாட்டு முடிஞ்சதும்" இதெல்லாம் தகவல்.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம், சொல்லிட்டு காத்திருங்க. காத்திருக்கறதுதான் நமக்கு கஷ்டம், ரெண்டு செகண்ட்ல பதில் வரலைன்னா அதையே வேற வார்த்தைல சத்தமா திருப்பிச் சொல்லுவோம், அவங்க மூளை முதல் வாக்கியத்த பாதி படிச்சுட்டு இருக்கும்போதே ரெண்டாவது வந்து விழும், மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. கண்ணப் பாத்து பேசுன்னு கட்டாயப்படுத்தாதீங்க, கண்ணப் பாக்கறதுக்கே முழு சக்தியும் போயிட்டா நீங்க சொல்றது காதுல ஏறாது, தரைய பாத்துட்டே கேக்கட்டும்.

சில குழந்தைங்க தண்ணி வேணும்னா "தண்ணி வேணுமா?"ன்னு கேப்பாங்க, ஏன்னா அந்த வார்த்தைய கேட்டதும் தண்ணி வருதுன்னு அவங்க கேட்டு பழகினது அப்படி. எக்கோலாலியான்னு சொல்லுவாங்க. கிளிப்பிள்ளை மாதிரி சொல்றான்னு சிரிக்காம தண்ணிய குடுத்துட்டு "எனக்கு தண்ணி வேணும்"னு நீங்க ஒரு தடவ சொல்லிக் காட்டினா போதும். விளம்பரத்துல வந்த ஒரு வரிய திரும்பத் திரும்ப சொல்றதுக்கும் பெரும்பாலும் ஒரு அர்த்தம் இருக்கும். எங்க பையன் பயந்தா ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்ப அப்படியே அதே ராகத்துல சொல்லுவான், எங்க எல்லாருக்கும் இப்போ தெரியும், அவன் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சா அந்த இடத்தவிட்டு கூட்டிட்டு கிளம்பணும்.

வாய்ப்பேச்சு இல்லாதவங்க முன்னாடி அவங்கள பத்தி மூணாம் மனுஷங்கள மாதிரி பேசறது ரொம்ப கொடுமை. "இவனுக்கு புரியுமா?"ன்னு அவனுக்கு முன்னாடியே அம்மாகிட்ட கேக்கறது, இத தயவுசெஞ்சு விட்டுடுங்க, பேச்சு வரலைன்னா புரியலைன்னு அர்த்தம் இல்ல. டேப்லெட்ல படத்த தொட்டு பேசறவங்க இருக்காங்க, சென்னைல உருவான ஆவாஸ்ங்கற ஆப் தமிழ்லயும் இருக்கு, கோட்டூர்புரத்துல மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கற வித்யாசாகர்ங்கற அமைப்போட குழந்தைங்களோட சேர்ந்து உருவாக்கினது. "டேப் குடுத்தா பேச சோம்பேறித்தனம் வந்துடும்"னு சொல்லாதீங்க, இந்த மாதிரி வழிகள் பேச்ச தடுக்கறதில்லன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. அவங்க தொட்டு முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாம நில்லுங்க. இருவத்தஞ்சு வயசு ஆள பாப்பா, செல்லம்னு கொஞ்சாதீங்க, அந்த வயசுல வேற யாரையாவது புதுசா பாத்தா நீங்கன்னு தானே சொல்லுவீங்க.

இன்னொண்ணு, இவங்களுக்குத்தான் மத்தவங்கள புரிஞ்சுக்கத் தெரியலன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. டேமியன் மில்டன்னு ஒரு ஆட்டிஸ்டிக் ஆராய்ச்சியாளர் 2012-ல திருப்பிக் கேட்டார், உங்களுக்கு எங்கள புரியுதா, புரியாதது ரெண்டு பக்கமும்தானேன்னு. ரெட்டை பரிவுச் சிக்கல்னு அதுக்குப் பேர் வெச்சார். பெரும்பான்மையா இருக்கறதால நம்ம பக்கம் மேல யாரும் குறை சொல்றதில்ல, அவ்ளோதான்.

படி 4: கைய ஆட்டினா ஆட்டட்டும்

கைய படபடன்னு ஆட்டறது, முன்னும் பின்னும் ஆடறது, ஒரே சத்தத்த முனகறது, கால ஆட்டிட்டே இருக்கறது, இதுக்கு ஸ்டிம்மிங்னு பேர், உள்ள ஏறற பாரத்த இறக்கி வெக்கற வழி, சந்தோஷத்துலயும் வரும். கைய புடிச்சு நிறுத்தாதீங்க. தலைய சுவத்துல இடிக்கறது, கைய கடிச்சுக்கறது மாதிரி காயம் பண்ற விஷயம்னா மட்டும் நடுவுல ஒரு தலகாணி வைங்க, கடிக்க வேற எதையாவது குடுங்க. அவ்ளோதான் இந்த படி.

படி 5: மெல்ட்டவுன் வந்தா என்ன பண்ணணும்

அடம் வேற, மெல்ட்டவுன் வேற. அடம் பிடிக்கற குழந்தை நடுவுல ஓரக்கண்ணால நம்மள பாக்கும், கேட்டது கிடைச்சா நின்னுடும். மெல்ட்டவுன்ல எதுவும் கேக்கறதுக்கு இல்ல, குடுத்தாலும் நிக்காது, மூளை தாங்கற அளவு தாண்டிடுச்சு, பெரியவங்களுக்கும் வரும். சிலர் கத்த மாட்டாங்க, அப்படியே உறைஞ்சு போய் பேச்சு நின்னு ஒரு மூலைல சுருண்டுடுவாங்க, அதுவும் அதே விஷயம்தான்.

பஸ்ல, கடைல, கோயில் க்யூல இத பாத்தீங்கன்னா:

- உத்துப் பாக்காதீங்க, வீடியோ எடுக்காதீங்க, எடுக்கறவங்கள "போன உள்ள வைங்க சார்"னு நீங்க சொல்லுங்க, அந்த அம்மாவால அப்போ அத சொல்ல முடியாது.
- சுத்தி கூட்டம் சேராம இடம் விட வைங்க.
- ஃபேன், லைட், பாட்டு எதையாவது குறைக்க முடியுமான்னு பாருங்க. பஸ்ல பாட்டு ஓடினா கண்டக்டர்கிட்ட சொல்லி நிறுத்தலாம், இது நிஜமா நடக்கும், நம்ம கண்டக்டருங்க காரணம் சொன்னா பெரும்பாலும் உடனே நிறுத்திடுவாங்க.
- கூட இருக்கறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி, "நான் ஏதாவது புடிச்சுக்கட்டுமா?" பைய புடிக்கறதோ சீட்டு குடுக்கறதோ சொல்லுவாங்க. ஒண்ணும் வேண்டாம்னா நகர்ந்துடுங்க.
- "ஒரு அடி போட்டா சரியாயிடும்", "போலீஸ் மாமாகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்", "சாக்லேட் தரேன் வா" மூணும் வேண்டாம்.

முடிஞ்சதுக்கு அப்புறம் அவங்க துணிய துவைச்சு பிழிஞ்ச மாதிரி கிடப்பாங்க. அப்போ உக்காத்தி வெச்சு அறிவுரை சொல்றதுக்கு நேரம் இல்ல, தண்ணி குடுத்து தனியா விடுங்க.

படி 6: விசேஷத்துக்கு கூப்பிடுங்க, சரியா கூப்பிடுங்க

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், ஏன்னா நம்ம ஊர்ல சொந்தம்ங்கறதே மண்டபத்துல தான் நடக்குது. டயக்னோசிஸ் ஆன வீட்டுக்கு பத்திரிகை வரும், ஆனா கூடவே "கூட்டமா இருக்கும், குழந்தைக்கு கஷ்டமா இருக்கும்ல, நீ மட்டும் வந்துட்டுப் போ"ன்னு ஒரு வரி வரும். நல்லெண்ணத்துல சொல்றதுதான் பாதி. அந்த அம்மா அப்பா அப்படியே ஒவ்வொரு விசேஷமா குறைச்சு கடைசில யாரு வீட்டுக்கும் போகாத குடும்பமா ஆயிடறாங்க.

எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்காரங்க பண்ணின ஏற்பாட அப்படியே சொல்றேன், வேணும்னா காப்பி அடிச்சுக்கோங்க. ஒரு வாரம் முன்னாடி சித்தப்பா மண்டபத்துக்குப் போய் வாசல், மேடை, டைனிங் ஹால், கை கழுவற இடம், டாய்லெட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து எங்க அண்ணிக்கு அனுப்பிட்டார். அண்ணி அத வரிசையா அடுக்கி, மொதல்ல கார், அப்புறம் வாசல், அப்புறம் இந்த ரூம்னு பையனுக்கு தினமும் காட்டினாங்க. மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு, பொண்ணு வீட்டுக்குன்னு ரூம் இருக்கும்ல, அதுல ஜெனரேட்டர் பக்கமும் மேளக்காரங்க பக்கமும் இல்லாத ஒரு ரூம எங்களுக்குன்னு ஒதுக்கி சாவிய அண்ணன் கைல குடுத்துட்டாங்க, அந்த ரூம்ல யாரும் நகைய வெக்கறேன் புடவை மாத்தறேன்னு வரக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. பன்னீர் தெளிக்கற இடத்துல நின்ன பொண்ணுங்ககிட்ட இவனுக்கு மட்டும் தெளிக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தாங்க.

கெட்டிமேளம் கொட்டறதுக்கு முன்னாடி சித்தப்பா எங்க பக்கம் பாத்து கைய தூக்கினார், அதுதான் சிக்னல், பையன் ஹெட்போன மாட்டிகிட்டு தூணோரமா நின்னு தாலி கட்டறத பாத்தான், பாத்துட்டு கைய படபடன்னு ஆட்டி குதிச்சான். பந்தில கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி முதல் ஆளா உக்கார வெச்சாங்க, இலைல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்னு அவனுக்கு தனியா ஒரு தட்டுல வெள்ளைச் சாதமும் தயிரும் அப்பளமும், பரிமாறறவர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லியாச்சு, "இந்த தம்பிக்கு வேற எதையும் வெக்காதீங்க"ன்னு. குரூப் போட்டோக்கு மேடைக்கு வர சொல்லி யாரும் இழுக்கல, பொண்ணும் மாப்பிள்ளையும் கீழ இறங்கி வந்து அவன் நின்ன இடத்துல ஒரு போட்டோ எடுத்துகிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சதும் கிளம்பிட்டோம், யாரும் "அதுக்குள்ளயா"ன்னு கேக்கல.

செலவுன்னு பாத்தா ஒரு ரூபா ஆகல, ஒருத்தர் ஒரு மணி நேரம் யோசிச்சார், அவ்ளோதான். வீட்டு விசேஷத்துக்கும் இதேதான்: போட்டோ முன்னாடியே, அமைதியான ஒரு ரூம், சாப்பாடு அவங்க டப்பால கொண்டு வந்தா சங்கடப்படாம சரின்னு விடறது, எல்லார் கால்லயும் விழுன்னு வற்புறுத்தாம இருக்கறது, எப்போ கிளம்பினாலும் சரின்னு முதல்லயே சொல்லி வெக்கறது.

படி 7: ஸ்கூல்லயும் டியூஷன்லயும்

டிஸ்லெக்ஸியா இருக்கற குழந்தை வாயால கேட்டா அழகா பதில் சொல்லும், எழுதச் சொன்னா கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், ல ழ ள குழம்பும், போர்டுல இருக்கறத காப்பி பண்றதுக்குள்ள பீரியடே முடிஞ்சிடும். நூறு தடவ இம்போசிஷன் எழுத வெச்சா கை வலிக்குமே தவிர மாறாது. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு படிக்கச் சொல்லாதீங்க, வாய்வழியா கேளுங்க, கேள்வித்தாள படிச்சுக் காட்டுங்க. ஏடிஹெச்டி குழந்தைய ஜன்னலோரத்துலேர்ந்து முன் பெஞ்சுக்கு மாத்துங்க, போர்ட அழிக்க, நோட்டு வாங்கி வர நடுநடுவுல எழுப்பி அனுப்புங்க, பெரிய வீட்டுப்பாடத்த துண்டு துண்டா குடுங்க.

சட்டப்படி என்ன இருக்குன்னும் டீச்சர்களுக்குத் தெரியணும். முன்னாடி சொன்ன 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகை குறைபாட்டுல ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஹெச்டி மட்டும் அந்தப் பட்டியல்ல தனியா இல்ல, அது பெரிய குறைதான். பொதுத்தேர்வுல டிஸ்லெக்ஸியா மாணவர்களுக்கு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு மாதிரி சலுகைகள் கேக்கலாம், ஆனா மெடிக்கல் சர்டிபிகேட்டோட தலைமை ஆசிரியர் வழியா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடி ஓடினா கஷ்டம், அதனால எட்டாவது ஒம்பதாவதுலயே பெத்தவங்கள கூப்பிட்டு சொல்லுங்க. குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்றிதழ் இருந்தா அரசு, அரசு உதவி பெறற காலேஜ்ல 5 சதவீத ஒதுக்கீட்டுலயும் அரசு வேலைல 4 சதவீத ஒதுக்கீட்டுலயும் இவங்களும் வருவாங்க. எங்க போறதுன்னு கேக்கறவங்களுக்கு: டிஸ்லெக்ஸியாவுக்கு சென்னைல மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கு, ஈசிஆர்ல முட்டுக்காட்டுல பல வகை குறைபாடு இருக்கறவங்களுக்கான மத்திய அரசோட நிப்மெட் (NIEPMD) நிறுவனம் இருக்கு, மத்த மாவட்டக்காரங்க அரசு மருத்துவமனைல இருக்கற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்த கேளுங்க, சின்ன குழந்தைங்களுக்கு அங்க இலவசமா பாப்பாங்க.

படி 8: பெரியவங்களும் இருக்காங்க

ஆட்டிசம் குழந்தைங்க விஷயம்னு நினைக்கறோம், அந்தக் குழந்தைங்க எல்லாம் வளர்ந்து எங்க போனாங்க? உங்க ஆபீஸ்லதான். மீட்டிங்ல வாயே திறக்காம, மெயில்ல மட்டும் பிரமாதமா எழுதறவர், டெட்லைன் அன்னிக்கு ராத்திரிதான் வேலை ஓடற பொண்ணு, லஞ்சுக்கு யார்கூடவும் வராதவர். பொண்ணுங்கள்ல நிறைய பேர் சின்ன வயசுலேர்ந்து மத்தவங்கள பாத்து பாத்து அதே மாதிரி சிரிச்சு பேசி மறைச்சே பழகிடறாங்க, அதனால முப்பது நாப்பது வயசுல தான் தெரிய வருது, அதுவரைக்கும் சோம்பேறி, மறதிக்காரி, பொறுப்பில்லாதவன்னு பட்டம்.

டீம் லீடா இருந்தா செய்ய வேண்டியது: வாய்ல சொன்னத ரெண்டு வரில மெசேஜ் போடுங்க. "கொஞ்சம் பேசணும், வாங்க"ன்னு மட்டும் அனுப்பாதீங்க, எதப் பத்தின்னு சேர்த்து எழுதுங்க, இல்லைன்னா அந்த அரை நாள் வேலையே ஓடாது. ஒரு மாச வேலைக்கு வாரவாரம் ஒரு சின்ன கெடு வைங்க. ஹெட்போன அனுமதிங்க. டீம் அவுட்டிங் வரலைன்னா அத அப்ரைசல்ல இழுக்காதீங்க.

நம்பி ஒருத்தங்க "எனக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க"ன்னு சொன்னா, "அட, எல்லாருக்கும் கொஞ்சம் மறதி இருக்கும்"னு சொல்லிடாதீங்க. "உனக்கு எது ஈஸியா இருக்கும்னு சொல்லு"ன்னு கேளுங்க. மாத்திரை எடுத்துக்கறாங்கன்னா அது அவங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல, நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அப்புறம் கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்ங்கற யோசனைய எந்த வீட்டுலயும் எடுக்காதீங்க, விஷயத்த மறைச்சு கட்டி வெச்சு ரெண்டு பேர் வாழ்க்கையும் சிக்கலாகும். தெரிஞ்சு, புரிஞ்சு, அவங்களே விரும்பி பண்ணிக்கற கல்யாணம் தாராளமா நல்லா நடக்கும்.

படி 9: அந்த வீட்டுக்கு உதவியா இருங்க

வாட்ஸ்அப்ல வர்ற வைத்தியத்த ஃபார்வர்ட் பண்ணாதீங்க. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சைன்னு லட்சக்கணக்குல பணம் வாங்கறாங்க, 2022-லயே டாக்டர்கள ஒழுங்குபடுத்தற நேஷனல் மெடிக்கல் கமிஷன் இது பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை இல்ல, அப்படிப் பண்றது டாக்டரோட தொழில் ஒழுங்கீனம்னு சொல்லியாச்சு. நகைய அடகு வெச்சு அங்க போறவங்களுக்கு பின்னாடி பெரும்பாலும் ஒரு சொந்தக்காரரோட நச்சரிப்பு இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு அவசர விஷயம். சில குழந்தைங்க கதவு திறந்திருந்தா சத்தமில்லாம வெளிய போயிடுவாங்க, தண்ணினா நிறைய பேருக்கு ஆசை. குழந்தைய காணோம்னு தெரிஞ்சா மொதல்ல கிணறு, சம்ப், குளம், நீச்சல் குளம் பக்கம் ஓடுங்க, அதுக்கப்புறம் தெரு. தனியா நிக்கற குழந்தை பேர் கேட்டா பதில் சொல்லாம இருக்கலாம், சட்டைக்குள்ள, கைல, ஷூல போன் நம்பர் இருக்கான்னு பாருங்க, துரத்தாதீங்க, பக்கத்துல உக்காந்துக்கோங்க. அபார்ட்மென்ட் வாட்ச்மேன்கிட்ட அந்தக் குழந்தைய முன்னாடியே அறிமுகப்படுத்தி வெக்க பெத்தவங்களுக்கு கூச்சமா இருக்கும், அசோசியேஷன்ல இருக்கற நீங்க அத செய்யலாம்.

பெத்தவங்க மனசுல ஓடிட்டே இருக்கற கேள்வி, எங்களுக்கு அப்புறம் யாருன்னு. அதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம், வேலைல பங்கெடுங்க. யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போட நாள் பூரா ஆஸ்பத்திரில நிக்கணும், அன்னிக்கு அவங்களோட இன்னொரு குழந்தைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வாங்க, அந்த அண்ணனோ தங்கச்சியோ கவனிக்க ஆள் இல்லாமலே வளர்ற குழந்தை. ஆட்டிசம் இருந்தா நேஷனல் ட்ரஸ்ட்ங்கற மத்திய அரசு அமைப்போட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர் உண்டு, 18 வயசுக்கு மேல காப்பாளர் தேவைப்பட்டா கலெக்டர் தலைமைல இருக்கற உள்ளூர்க் குழுகிட்ட மனு போடணும். இந்த ஃபார்ம் எல்லாம் உக்காந்து நிரப்ப அவங்களுக்கு நேரமே கிடைக்காது, ஆன்லைன்ல பழகினவங்க ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட போய் உக்காந்தா வேலை முடிஞ்சிடும்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க"ன்னு சொன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. "சனிக்கிழமை 4-லேர்ந்து 6 வரைக்கும் நான் வந்து இவனோட இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வாங்க அண்ணி"ன்னு நாள், நேரத்தோட சொல்லுங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச வாரம் அவங்க இருக்கும்போதே போய் சும்மா அதே ரூம்ல உக்காந்து பழகுங்க, அவன் ரயில அடுக்கினா நீங்களும் ஓரமா ஒண்ண எடுத்து அதே வரிசைல வைங்க, அவன் எடுத்து தள்ளி வெச்சா விட்டுடுங்க. என்ன சாப்பிடுவான், எந்த பாட்டு, என்ன சத்தம் ஆகாது, பயந்தா என்ன பண்ணுவான், டாக்டர் நம்பர், எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டு, அப்புறமா அவங்கள கிளப்பி விடுங்க.